காக்காய்க்குமா ஆபத்து?

அமாவாசை அன்னிக்கு மாடியில் சோற்றை வைத்துவிட்டு 'கா... கா...' என்று கூப்பிட்டால், எங்க அண்ணாமலை நகரில் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்க வேண்டாம். நாலு பேர் வந்து உட்கார்ந்து, பருப்பு இருக்கா என்று பார்த்துவிட்டுத்தான் வாயை வைப்பார்கள்.

அப்படி ஒரு அமாவாசையில்தான், சில தீவுகளில் காக்கை இனமே அழியும் நிலையில் இருக்கு என்று நண்பரிடம் சொல்லித் தொலைத்தேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். "காக்காய்க்குமா சார் ஆபத்து? உலகமே அழிஞ்சாலும் காக்காயும் கரப்பான்பூச்சியும் மிஞ்சும்!"

அவர் சொன்னதில் பாதி உண்மை. நம்ம ஊர்க்காக்கை கப்பலேறி ஆப்பிரிக்கா வரை போய்ப் பெருகியிருக்கிறது. கென்ய அரசு பத்து லட்சம் ஊர்க்காக்கைகளை ஒழிக்கப்போவதாக 2024-இல் அறிவித்தது என்றால் பார்த்துக்கோங்க. மனுஷன் எதை எறிகிறானோ அதைத் தின்று பிழைக்கிற ஜீவன். மனுஷன் இருக்கும்வரை அதற்குக் கவலையில்லை.

மீதிப் பாதிக்கு வருவோம். காக்கைக் குடும்பத்தில் எல்லாரும் இப்படி இல்லீங்க.

திருவேட்களம் பக்கம் காலையில் நடந்தால், மரங்களில் 'கோ-கி-லா' என்று ஒரு குரல் கேட்கும். நீள வாலும் செம்பழுப்பு உடம்புமாக இருக்கிற வால்காக்கை. இதற்கு ஒரு பங்காளி உண்டு: அந்தமான் வால்காக்கை. சிதம்பரத்திலிருந்து நேர் கிழக்கே கடலில் சுமார் 1400 கி.மீ. போனால் போர்ட் பிளேர் (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பேர் மாற்றினார்கள்). இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை. ஆனால் அந்தமான் வால்காக்கைக்குத் தோப்பும் தோட்டமும் போதாது. மஞ்சள் கண்ணோடு, அடர்ந்த பசுமைமாறாக் காட்டில் மட்டும் வாழ்கிறது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அழியும் அபாயமுள்ள பறவைகளின் உலகப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. அந்தக் காடு போனால் நம்ம ஊர்ப் பனைமரத்துக்கா பறந்து வரும்?

காடு போனபின் என்ன ஆகும் என்பதற்கு ஹவாய் தீவின் 'அலலா' காக்கை சாட்சி. நமக்குக் காக்கை பித்ரு என்றால், ஹவாய்க்காரர்களுக்கு அலலா குலத்தைக் காக்கும் முன்னோர். அந்த மரியாதையும் அதைக் காப்பாற்றவில்லை. காடு குறைந்தது. வெளியிலிருந்து வந்த எலி, பூனை, கீரி, கொசு கொண்டுவந்த பறவை மலேரியா எல்லாம் சேர்ந்து, 2002-இல் காட்டில் ஒன்றுகூட இல்லாமல் போனது. கூண்டில் வளர்த்த 30 பறவைகளை 2016 முதல் 2019 வரை காட்டில் விட்டுப் பார்த்தார்கள். பல பறவைகள் அங்கிருந்த பருந்துக்கு இரையாயின. மிஞ்சியவற்றை 2020-இல் திரும்பப் பிடித்துக் கூண்டுக்கே கொண்டுபோனார்கள். 2024 நவம்பரில் மவுயி தீவில் ஐந்து பறவைகளை விட்டு மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். எத்தனை வருஷ உழைப்பு, எவ்வளவு பணம்!

அதே 2002-இல் நம்ம பக்கம் நடந்தது வேறு. அந்தமானின் இயற்கைக் காட்டு மரங்களை வெட்டி வெளியே விற்பதற்கு மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. தீவு மக்களின் சொந்தத் தேவைக்கு மட்டும் வழி விட்டது. இந்த உத்தரவை வால்காக்கைக்காக யாரும் கேட்டு வாங்கவில்லை. ஆனாலும் என்னைக் கேட்டால், அதற்குச் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான். கூண்டு வேண்டாம், காக்கையைப் பழக்க ஆள் வேண்டாம். கோடாலி நின்றால் போதும்.

"அப்போ தீவுக்காரங்களுக்கு ரோடு வேண்டாமா, வேலை வேண்டாமா?" இது நண்பரின் அடுத்த கேள்வி. வேணும்தான். தீவுக்காரர் வீடு கட்ட மரம் எடுப்பது வேறு, தீவையே ஏலம் போடுவது வேறு. கிரேட் நிகோபாரில் துறைமுகமும் நகரமும் கட்ட 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தார்களே, அதற்குப் போகும் காடு சுமார் 130 சதுர கி.மீ. அதற்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடுவது என்று திட்டம்! அந்தமான் வால்காக்கை அந்தத் தீவில் இல்லை, உண்மைதான். ஆனால் இந்தக் கணக்கு ஒரு தீவில் செல்லுபடியானால் நாளைக்கு அடுத்த தீவிலும் செல்லும். தீவுப் பறவை ஹரியானாவுக்குக் குடிபோகாது என்பது தெரிய பறவை நிபுணராக இருக்க வேண்டியதில்லை.

பறவை காட்டில் இருக்கும்போதே காட்டைக் காப்பதுதான் மலிவு. கடைசி ஜோடியைத் தேடிப் பிடித்துக் கூண்டில் வைத்துவிட்டு, பிறகு காட்டைத் தேடுவது ஹவாய்க்காரர்கள் பட்ட பாடு. நாமும் அதைப் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

அந்தமானில் நம்ம ஜனம் நிறைய இருக்காங்க. அங்கே இருப்பவர்களோ போய் வந்தவர்களோ, செல்லுலார் ஜெயில், ராதாநகர் கடற்கரையோடு இந்த மஞ்சள் கண்ணனையும் பார்த்திருக்கீங்களா? பார்த்திருந்தால் கண்டிப்பா எழுதுங்க. அடுத்த அமாவாசைக்கு நண்பரிடம் காட்ட வேண்டியிருக்கு :-)