வாடகை விரட்டுது, வேலையும் வெளியே ஓடுது! சின்னச் சம்பளக்காரர் மட்டும் ரெயிலில் திண்டாட்டம்

சென்னை,

காலை 8 மணி. தாம்பரம் ரெயில் நிலையம். கடற்கரைக்குப் போகும் மின்சார ரெயிலில் கால் வைக்க இடமில்லை. படியில் தொங்குபவர்கள் பாதிப் பேர்.

அதே நேரத்தில் கிண்டி, சைதாப்பேட்டை ரோட்டோரத்தில் இன்னொரு கூட்டம் நிற்கிறது. கழுத்தில் அடையாள அட்டை, முதுகில் பை. இவர்கள் கம்பெனி பஸ்சுக்குக் காத்திருப்பவர்கள். பஸ் போகிற இடம் சிறுசேரி, மறைமலைநகர், ஸ்ரீபெரும்புதூர்.

ஒரு கூட்டம் உள்ளே வருது. ஒரு கூட்டம் வெளியே போகுது. வீடு ஒரு திசை, வேலை ஒரு திசை. ஏன் இந்த ஓட்டம்?

எல்லாம் மனை விலையும் வீட்டு வாடகையும் படுத்தும் பாடுதான்!

முதலில் போனது குடித்தனம்

திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒரே வாசலுக்குள் ஆறு குடும்பம், எட்டுக் குடும்பம் என்று ஒண்டுக் குடித்தனம் இருந்த காலம் உண்டு. அந்த வீடுகள் பல இடிந்து அடுக்குமாடி ஆகிவிட்டன. குமாஸ்தா சம்பளத்துக்கு அங்கே இனி இடமில்லை.

வாடகையைக்கூட எப்படியாவது சமாளிக்கலாம். அட்வான்ஸ்தான் ஆளைக் கொல்லுது. மாத வாடகை 15 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். சென்னை வழக்கப்படி 10 மாத அட்வான்ஸ் கேட்டால் ஒன்றரை லட்சம் ரொக்கமாக எண்ணி வைக்க வேண்டும். 2017-ல் வந்து 2019-ல் அமலான வாடகைச் சட்டம், 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் சரி என்றும் சொல்கிறது. வீடு தேடி அலைகிறவன் ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வான்?

2001 முதல் 2011 வரை பத்தே ஆண்டில் என்ன நடந்தது என்று மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். சென்னை மாவட்டம் வளர்ந்தது சுமார் 7 சதவீதம். தாம்பரம், செங்கல்பட்டு, ஸ்ரீபெரும்புதூர் எல்லாம் அடங்கிய அன்றைய காஞ்சீபுரம் மாவட்டம் வளர்ந்தது சுமார் 39 சதவீதம். திருவள்ளூர் மாவட்டம் 35 சதவீதம். ஊர் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பின்னாலேயே போனது கம்பெனி

ஆள் போன பிறகு முதலாளி சும்மா இருப்பாரா? அவரும் கணக்குப் போட்டார்.

நகருக்குள் மனை விலை யானை விலை. வாங்கினாலும் இஷ்டத்துக்குக் கட்ட முடியாது. 2019 வரை சாதாரணக் கட்டிடத்துக்கு மனைப் பரப்பில் ஒன்றரை மடங்கு வரைதான் கட்ட அனுமதி. அதாவது ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி மனையில் 3,600 சதுர அடிதான் கட்டலாம். 2019-ல் வந்த புது விதி அதை 2 மடங்காக்கியது. அதற்குள் பெரிய கம்பெனிகள் ஏக்கர் கணக்கில் நிலம் தேடி வெளியே போய்விட்டன.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி ஆரம்பம். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறப்பு. பிறகு பழைய மகாபலிபுரம் ரோடு முழுக்கக் கண்ணாடிக் கட்டிடங்கள். வெளியே நிலம் மலிவு. வேலைக்கு ஆளும் பக்கத்திலேயே குடியிருக்கிறார்கள். கம்பெனிக்கு இரட்டை லாபம்.

போகாத வேலை எது?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. எல்லா வேலையும் வெளியே போகவில்லை. ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடை, பாரிமுனை மொத்தக் கடை, ஐகோர்ட்டு சுற்றியுள்ள வக்கீல் ஆபீஸ், பெரிய ஆஸ்பத்திரி, ஓட்டல், வீட்டு வேலை... இவை நகருக்குள்ளேயே இருக்கின்றன. சம்பளம் குறைவான வேலைகளில் பெரும்பகுதி இவற்றில்தான்.

பெரிய சம்பளக்காரர் கம்பெனி அருகிலேயே பிளாட் வாங்கலாம். முடியாவிட்டால் கம்பெனி பஸ் இருக்கிறது. சேல்ஸ்மேனுக்கு? வாடகை கட்டுப்படியாகாமல் கூடுவாஞ்சேரி போனவர் தினமும் தி.நகர் வந்தாக வேண்டும்.

வீட்டு வாசலிலிருந்து கடை வாசலுக்குப் போக 2 மணி, திரும்ப 2 மணி என்றால் நாளைக்கு 4 மணி நேரம். மாதம் 25 நாளுக்கு 100 மணி நேரம். எட்டு மணி நேர வேலைக் கணக்கில் 12 நாளுக்கு மேல் ஆகிறது. சம்பளமில்லாத 12 நாள் வேலை!

இதில் கடைக்காரருக்கும் நஷ்டம் உண்டு. இரவு 9 மணி ஆனால் ரெயிலைப் பிடிக்கப் பையன் பறக்கிறான். ஊர்ப்பக்கமே ஒரு கடையில் ஆயிரம் ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் அங்கே போய்விடத்தான் பார்ப்பான். தி.நகரின் பெரிய ஜவுளிக் கடைகளே குரோம்பேட்டையில் கிளை திறந்துவிட்டன. சின்னக் கடைக்காரர் எங்கே போவார்?

விலை முந்திக்கொள்ளுது

வெளியே போனால் நிம்மதியா? அதுவும் இல்லை. கம்பெனி வந்ததும் வேளச்சேரியில் வாடகை ஏறியது. மேடவாக்கம் போனார்கள். அங்கேயும் ஏறியது. வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

மலிவாகக் கிடைத்த மனை தாழ்வான மனை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் வீடுகள் மூழ்கின. 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் பழைய மகாபலிபுரம் ரோடு கம்பெனிகள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன.

கம்பெனியை நம்பி அதன் பக்கத்திலேயே வீடு வாங்கினவர் கதை வேறு. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் தொடங்கி 2014-ல் மூடியது. மறைமலைநகரில் போர்டு ஆலை 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. கடன் தவணை மட்டும் நிற்குமா?

கண்ணகி நகர் பாடம்

சர்க்காரும் இதே தவறைச் செய்தது. 2000-லிருந்து நகருக்குள் ஆற்றங்கரையில் இருந்த ஏழைக் குடும்பங்களை துரைப்பாக்கம் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோனார்கள். வீடு கிடைத்தது. வேலை பழைய இடத்திலேயே நின்றது. தினக்கூலி வாங்கும் பெண் பஸ் செலவுக்கே ஒரு பங்கு கொடுத்தாள்.

சரியாக நடந்ததும் உண்டு. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் தொழிற்சாலைப் பெண்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. வேலை இருக்கிற இடத்தில் படுக்கவும் இடம்! வெளியூர்த் தொழிற்சாலைக்குச் செய்ய முடிந்ததை நகருக்குள் இருக்கும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஏன் செய்யக் கூடாது?

நகருக்குள் சர்க்கார் நிலம் இருக்கிறது. அதில் ஒரு பங்கை விற்காமல், சின்னச் சம்பளக்காரருக்குக் குறைந்த வாடகைக் குடியிருப்பாகக் கட்டினால் போதும். மேம்பாலம், புது ரெயில் எல்லாம் வேண்டியதுதான். ஆனால் ரெயில் எவ்வளவு வேகமாகப் போனாலும், அதைவிட வேகமாக வாடகை ஓடுகிறதே!

தி.நகரில் கடை பெருக்கி, ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்புகிறவன் வீடு சேர இரவு 11 மணி. மறுநாள் காலை 8 மணி ரெயிலில் அவன் மறுபடியும் தொங்க வேண்டும்.