பழைய கடல் விற்பனைக்கு

பள்ளிக்கரணையில் எங்கள் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு சமுத்திரம் இருக்கிறது. நீளம் மூன்று அடி. அகலமும் உயரமும் ஒன்றரை அடி. அதன் சொந்தக்காரர் என் சிநேகிதர், பாங்கி உத்தியோகஸ்தர், நல்ல மனிதர். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் சண்டைக்கு வருவார் என்பதற்காக அல்ல, எழுதாவிட்டாலும் வருவார்.

இந்த மூன்றடிச் சமுத்திரம் இப்போது அவருக்குப் போதவில்லை. துரைப்பாக்கத்தில் யாரோ கனடாவுக்குக் குடிபெயர்கிறார்களாம். ஆறடித் தொட்டி ஒன்றைப் பவளம், மீன், பம்பு, விளக்கு, குளிர்விக்கும் யந்திரம் சகிதமாக மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கொடுக்கிறார்களாம். "ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கை கொடுக்க வர முடியுமா ஸார்?" என்று கேட்டார். முடியாது என்று சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. நாலு பேர் எதிரில் காரணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகையால் நாலாயிரம் பேர் எதிரில் சொல்கிறேன்.

முதல் தொட்டியை 2022-ல் வேளச்சேரியிலிருந்து கொண்டு வந்தபோது டார்ச் பிடித்தவன் நான்தான். பழைய பீரோவை இடம் மாற்றுவது போல என்று நினைத்துக்கொண்டு போனேன். அது ஓர் ஆஸ்பத்திரி வார்டையே இடம் மாற்றுவதற்குச் சமானம் என்பது போன பிறகுதான் தெரிந்தது. மீன்களைப் பிடித்து மூடியுள்ள வாளிகளில் விட வேண்டும். பழைய தண்ணீரைக் கான்களில் நிரப்ப வேண்டும். பாறைகளை ஒரு கணமும் காய விடாமல் அந்தத் தண்ணீரிலேயே முக்கி எடுத்துப் போக வேண்டும். ஏனென்றால் அந்தப் பாறையின் துவாரங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடித்தனம் செய்கின்றன. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷத்தை அவைதான் படிப்படியாகத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. பாறை காய்ந்தால் கிருமிகள் சாகும். கிருமிகள் செத்தால் மீன்கள் தங்கள் கழிவிலேயே மூச்சு முட்டிப் போகும். அடியில் கிடக்கும் மணலை மட்டும் கிளறக் கூடாது. எங்கள் கூலியாள் கிளறிவிட்டார். அழுகிய முட்டை நாற்றம் அடித்தது பாருங்கள், வேளச்சேரி வீட்டு அம்மாள் அன்று ராத்திரி சாப்பிட்டிருக்கமாட்டார். வாளி, கான், கண்ணாடி எல்லாம் ஒரு 'சின்ன யானை' வண்டியில் ஏறின. நாலு கிலோமீட்டர் தூரத்தை ஊர்வலத்தில் சாமி போகிற வேகத்தில் கடந்தோம்.

அன்று நான் அதை ரசித்தேன். நீல விளக்கில் அந்தப் பவளம் மெல்ல மெல்ல விரிந்தபோது எனக்கும் பேச்சு வரவில்லை. அழகில்லை என்று வாதாடுகிறவன் நான் அல்ல.

சிநேகிதரின் வாதம் ஒன்றுதான். அதை அவர் ஒவ்வொரு தடவையும் வெகு நிம்மதியாகச் சொல்வார்: "பழைய சாமான்தானே ஸார்! கடலிலிருந்து நானா எடுத்தேன்? எடுத்தவன் எவனோ. நான் வாங்காவிட்டால் குப்பைக்குப் போகும். நான் காப்பாற்றுகிறேன்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'பவளம்' என்கிற இடத்தில் 'புலி' என்று போட்டுப் பாருங்கள். "பழைய புலிதான் ஸார், காட்டிலிருந்து நானா பிடித்தேன்?" இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே அட்டவணையில், பாறை கட்டும் பவளங்கள் அத்தனையும் 2001-ல் சேர்க்கப்பட்டன. கடற்குதிரையும் கடல் விசிறியும் கூடவே சேர்ந்தன. "இது இந்தோனேஷியப் பவளம்" என்று வியாபாரிகள் சொல்கிறார்கள். கல் பவளம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் சர்வதேச ஒப்பந்தப்படி அதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். துரைப்பாக்கத்துக்காரரிடம் குளிர்விக்கும் யந்திரத்துக்கு ரசீது இருக்கிறது. பவளத்துக்கு இல்லை.

சட்டத்தை விடுங்கள். அந்தச் சட்டம் எதனால் வந்தது என்பதைப் பாருங்கள். தூத்துக்குடிப் பக்கத்தில் பவளப் பாறையைப் பல வருஷங்கள் வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் ஆலைகளுக்கும் அனுப்பினார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21 என்று புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அவற்றில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் இப்போது கடலுக்கு அடியில் இருக்கின்றன. அலையைத் தடுத்த அரணை எடுத்துவிட்டால் தீவு நிற்குமா? அப்போதும் கல்லை வெட்டியவன் ஒருவன், விற்றவன் ஒருவன், வீட்டுக்கு வெள்ளையடித்தவன் ஒருவன். ஒவ்வொருவனும் "நானா எடுத்தேன்?" என்றுதான் கேட்டிருப்பான்.

பழைய சாமான் வாங்குவதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. வாங்க ஓர் ஆள் காத்திருக்கிறார் என்ற தைரியத்தில்தான் முதல் ஆள் புதிதாக வாங்குகிறார். பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம் அல்லவா? மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போகும் வரையில் அங்கே பழைய புத்தகங்கள் வாங்கித் தின்று வளர்ந்தவன் நான். பழைய புத்தகத்தைப் பத்துப் பேர் படிக்கலாம், புத்தகம் சாகாது. பவளம் கை மாறும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சாகிறது. செத்த இடத்தை நிரப்பப் புதிதாக ஒன்று வாங்குகிறார்கள். ஆக, பழைய தொட்டி என்பது புதுப் பவளத்துக்கு ஒரு நிரந்தர வாடிக்கைக்காரன்.

இந்தப் பைத்தியம் நமக்கு மட்டும் வந்ததல்ல. இங்கிலாந்தில் பிலிப் காஸ் என்பவர் 1854-ல் கண்ணாடித் தொட்டியில் கடல் பிராணிகளை வளர்ப்பது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மகா பக்திமான், ஜீவராசிகளிடம் உயிராக இருந்தவர். புத்தகத்தைப் படித்த கனவான்களும் சீமாட்டிகளும் வலையும் வாளியுமாகக் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். பாறைக் குட்டைகளை வழித்துத் துடைத்துவிட்டார்கள். அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907-ல் எழுதிய நூலில், தகப்பனாரின் புத்தகங்களே அந்த அழகுக்கு யமனாக வந்ததை வேதனையோடு சொல்கிறார். நாசம் செய்தவர்கள் எல்லாரும் கடலை நேசித்தவர்கள் என்பதுதான் இதில் வயிற்றைப் பிசைகிற விஷயம்.

சிநேகிதரின் கடைசி அஸ்திரம் ஒன்று இருக்கிறது. "கடலே சுட ஆரம்பித்துவிட்டது ஸார். அங்கே எப்படியும் சாகப் போகிறது. என் வீட்டில் 26 டிகிரியில் பத்திரமாக இருக்கும்." மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பவளங்கள் வெளுத்தது உண்மைதான். ஆனால் தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளைக் கடலிலேயே நட்டு வளர்த்து வருகிறார்கள். காப்பாற்றுவது என்றால் அது. மூன்றாவது மாடியில் வைத்துக் காப்பாற்றுவதன் லட்சணத்தை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பார்த்தேன். எங்கள் தெருவில் மூன்று ராத்திரி மின்சாரம் இல்லை. பாட்டரிப் பம்பு இரண்டாம் நாள் நின்றுபோயிற்று. சிநேகிதரும் அவர் சம்சாரமும் முறை வைத்துக்கொண்டு குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார்கள், காற்றுக் கலக்கட்டும் என்று. மூன்றாம் நாள் காலையில் பவளம் கூழாகிவிட்டிருந்தது. வாளியில் விட்ட இரண்டு நிமோ மீன்கள் மட்டும் பிழைத்தன. அவர் அழுததை நான் பார்த்தேன். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை வர மறுக்கிறேன்.

ஆறடித் தொட்டியில் தண்ணீர் மட்டும் 680 லிட்டர் பிடிக்கும். உப்போடு சேர்ந்து ஏறக்குறைய 700 கிலோ. பத்து ஆட்களை ஒரு கட்டில் அகலத்தில் நெருக்கி நிற்க வைத்து, இறங்கவே கூடாது என்று உத்தரவு போட்டது போல. பெரிய தொட்டியில் தண்ணீர் சீக்கிரம் கெடாது என்கிறார். வாஸ்தவம், நிறையத் தண்ணீரில் எந்த மாறுதலும் மெதுவாகத்தான் வரும். ஆனால் தொட்டி பெரிதானால் அதே இரண்டு மீன்களோடு அவர் நிறுத்திக்கொள்வாரா?

இவ்வளவு பேசுகிற நான் எங்கே உட்கார்ந்து பேசுகிறேன்? அதையும் சொல்லிவிடுகிறேன். என் வீடும் பழைய சாமான்தான். இரண்டாவது சொந்தக்காரரிடமிருந்து வாங்கினேன். அஸ்திவாரம் தோண்டியபோது கறுப்புச் சேறும் கோரைக் கிழங்குமாக வந்தது என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். தென் சென்னையின் முப்பது ஏரிகளுக்கு மேல் வடிந்து வந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலைத் தேடிப் போகிற கழிவெளி இது. 1960-களில் சுமார் 5,000 ஹெக்டேர் இருந்ததாகச் சொல்லும் சதுப்பில் இன்று பெரும்பகுதி கட்டிடமும் குப்பை மேடும். 2022-ல் ராம்சார் பட்டியலில் ஏற்றி மிச்சத்துக்கு வேலி போட்டிருக்கிறார்கள். "நானா ஏரியைத் தூர்த்தேன்? வாங்கினவன்தானே!" என்று புயலன்று முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு நானும் சொன்னேன். அந்த வாதத்தின் ருசி எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் இன்னொருவர் வாயிலிருந்து கேட்கும்போது கோபம் வருகிறது.

இருக்கிற தொட்டியை உடைத்துப் போடச் சொல்லவில்லை. அந்த இரண்டு மீன்களைக் கொண்டுபோய்க் கடலில் விடுவதும் பாவம். இருக்கிற மட்டும் சோறு போடுங்கள். ஆறடிக்குப் போகாதீர்கள், பவளம் வாங்காதீர்கள், அந்தத் துரைப்பாக்கத்துக்காரருக்குத் தம் கடலுக்கு விலை கிடைக்கும் என்ற நம்பிக்கையைக் கொடுக்காதீர்கள். நிமோ மீனாவது மண்டபத்தில் அரசாங்க ஆராய்ச்சிக் கூடத்திலேயே குஞ்சு பொரித்தது. பவளத்துக்கு அந்தச் சமாதானம் கிடையாது.

சிநேகிதர் இன்னும் பதில் சொல்லவில்லை. நேற்றுச் சாயங்காலம் மாடிப்படித் திருப்பத்தில் டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்தார். இரண்டே முக்கால் அடி. ஆறடிக் கண்ணாடி அங்கே திரும்பாது. மறு முனையைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன்.