படத்திற்குச் சொல் எழுதுபவன் யார்?

போர் தொடுக்கும் வல்லரசுகள் இரண்டு படைக்கலன்களை ஏந்துகின்றன. ஒன்று துமுக்கி; மற்றொன்று சொல். துமுக்கி ஆளைக் கொல்லும். சொல்லோ அக்கொலையைக் கொலையன்று எனக் காட்டும். சிற்றூரைக் கொளுத்திவிட்டு 'அமைதிப்படுத்தினோம்' என்பார்கள். குழந்தைகளைக் கொன்றுவிட்டுப் 'பக்க இழப்பு' என்பார்கள். இந்த இரண்டாம் படைக்கலனை இனங்கண்டு, அதனோடு வாழ்நாளெல்லாம் போரிட்டவர் வேல்சு நாட்டு ஒளிப்படக்காரர் பிலிப்பு சோன்சு கிரிபித்சு.

1936-இல் வடவேல்சின் இரித்லான் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். இலிவர்ப்பூலில் மருந்தியல் கற்றார். இலண்டனில் இரவெல்லாம் மருந்துக்கடையில் பணிசெய்துகொண்டே செய்தித்தாள்களுக்குப் படம் எடுத்தார். 1961-இல் மருந்துக்கடையை விட்டு முழுநேர ஒளிப்படக்காரரானார். 1962-இல் அல்சீரிய விடுதலைப் போரைப் படமாக்கினார். 1966-இல் வியட்நாம் சென்றார்.

அவர் பிறந்த மண்ணை அறியாமல் அவர் பார்வையை அறிய இயலாது. வேல்சு மொழி ஆங்கிலத்தின் கிளையன்று. அத்தீவில் ஆங்கிலத்திற்கும் மூத்தது. ஆயினும் 19-ஆம் நூற்றாண்டில் வேல்சுப் பள்ளிகள் பலவற்றில், தாய்மொழி பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிட்டனர். வேறொரு குழந்தை தாய்மொழி பேசியதும் அத்துண்டு அதன் கழுத்திற்கு மாறும். மாலையில் அது எவர் கழுத்தில் கிடக்கிறதோ அவருக்கு அடி விழும். 1965-இல், இலிவர்ப்பூல் நகரின் தண்ணீர்த் தேவைக்காகக் கேப்பல் கெலின் என்னும் வேல்சுமொழிச் சிற்றூர் நீரில் மூழ்கடிக்கப்பட்டது. அதற்கு ஒப்புதல் தந்த சட்டத்தை நாடாளுமன்றத்தின் வேல்சு உறுப்பினருள் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. அத்தகைய நாட்டில் பிறந்தவர், அடுத்த ஆண்டே வியட்நாமில் ஊர் இழந்து நின்ற உழவரை அயலாராகக் காணாததில் வியப்பில்லை.

1967-இல் அவர் எடுத்த படமொன்று இன்றும் பார்ப்போர் நெஞ்சை அறுக்கிறது. முகம் முழுவதும் கட்டுப்போட்ட ஒரு வியட்நாம் பெண். அவள் கையில் ஒரு சீட்டு. 'வியட்நாமியப் பொதுமகள்' என்பதன் சுருக்க எழுத்துகள் அதில் உள்ளன. படத்தை மட்டும் பார்ப்பவன் இரங்கிவிட்டுப் போவான். கிரிபித்சு அதன் கீழ் எழுதிய குறிப்போ உண்மையை உடைத்துச் சொல்கிறது: இப்படியொரு சீட்டு அரிது, காயமுற்ற பொதுமக்களுக்கு 'வியட்காங்கு என ஐயம்' என்றே சீட்டுக் கட்டுவது வழக்கம், இறந்துவிட்டாலோ அவ்வுழவர் 'வியட்காங்கு என உறுதி' ஆகிவிடுவர். ஒரு சீட்டின் சொல், உழவனைப் பகைவனாக்கியது, பிணக்கணக்கை வெற்றிக்கணக்காக்கியது. குழந்தையின் கழுத்தில் மரத்துண்டு, பெண்ணின் கையில் சீட்டு; இரண்டையும் கட்டியது ஆதிக்கத்தின் கைதான்.

அவருடைய படங்களை வாங்க அமெரிக்க இதழ்கள் தயங்கின. அவை மிகவும் கொடியவையாக இருந்தனவாம்! போர் கொடியதாக இருக்கலாம். படம் இருக்கக் கூடாதாம்! அந்நிலையில் அவருக்குக் கைகொடுத்தது எது? 1967-இல் கம்போடியாவிற்குச் சுற்றுலா வந்த, கென்னடியின் கைம்பெண்ணை அவர் எடுத்த படங்கள் நல்ல விலைக்குப் போயின. அப்பணத்தைக் கொண்டே அவர் வியட்நாமில் தம் பணியைத் தொடர்ந்தார். எரிந்த ஊருக்கு இல்லாத விலை, ஒரு சீமாட்டியின் உலாவிற்கு இருந்தது.

1971-இல் 'வியட்நாம் இன்க்' என்னும் நூல் வெளிவந்தது. 'வியட்நாம் வணிக நிறுவனம்' என்பது அப்பெயரின் கருத்து. படங்களோடு அந்நூலின் உரையையும் குறிப்புகளையும் அவரே எழுதினார். சினமுற்ற தென்வியட்நாம் தலைவர் தியூ, அவர் மீண்டும் நாட்டிற்குள் நுழையத் தடை விதித்தார். படத்திற்கு மட்டும் எந்த ஆட்சியும் அவ்வளவு அஞ்சாது. படத்தோடு சேர்ந்த உண்மைச் சொல்லுக்கே அஞ்சும்.

'ஒளிப்படக்காரன் ஒரு பக்கம் சாரலாமா? நடுநிலை வேண்டாமா?' என்று கேட்போர் உண்டு. கேள்வி பொருளுடையதே. பொய்யைப் புனைந்து ஒரு பக்கம் சார்பவன் ஒளிப்படக்காரனல்லன், பரப்புரையாளன். ஆனால் குண்டு வீசுபவனுக்கும் அதில் வேகுபவனுக்கும் இடையில் நின்று, இருவரையும் ஒரே நிறைகோலில் இடுவது நடுநிலையன்று, கண்ணை மூடிக்கொள்ளுதல். கிரிபித்சு அமெரிக்கப் படைஞரையும் படமெடுத்தார். அவர்களுள் இரக்கமுடையோரையும் காட்டினார். தாம் எதற்கு வந்தோம் என்றறியாமல் திகைத்து நின்ற இளைஞரையும் காட்டினார். அவர் சார்ந்தது உண்மையின் பக்கம்.

போர் 1975-இல் முடிந்தது. அவர் பணி முடியவில்லை. உலகின் பெயர்பெற்ற மாக்குனம் ஒளிப்படக்காரர் கூட்டுறவிற்கு 1980 முதல் ஐந்தாண்டுகள் தலைவராயிருந்தார். ஆயினும் வியட்நாமிற்குப் பலமுறை மீண்டு சென்றார். அமெரிக்க வான்படை காடுகள் மேலும் வயல்கள் மேலும் தெளித்த நஞ்சுகளுள் ஒன்றின் பெயர் 'ஏசண்டு ஆரஞ்சு'. நஞ்சு அடைத்த உருளைகளில் தீட்டிய நிறக்கோட்டால் வந்த பெயர். பழத்தின் பெயர்போல் இனிக்கும். அந்நஞ்சின் விளைவைச் சுமந்து பிறந்த குழந்தைகளை அவர் படமெடுத்தார். 2003-இல் அவற்றை நூலாக்கியபோது, படைத்துறையின் 'பக்க இழப்பு' என்னும் சொல்லையே அதற்குப் பெயராக இட்டார். பகைவனின் சொல்லைப் பிடுங்கி, அவன் முகத்தின் முன்னே பிடித்த கண்ணாடி அது. 2008-இல் அவர் புற்றுநோயால் இலண்டனில் மறைந்தார்.

வியட்நாமிலிருந்து அரசுகள் ஒரு பாடம் கற்றன. போரைக் கைவிட வேண்டும் என்பதன்று அப்பாடம். படம் எடுப்பவனைக் கட்டிவைக்க வேண்டும் என்பதே. 1991 வளைகுடாப் போரில் செய்தியாளர்கள் படைத்துறையின் மேற்பார்வையில், குழுக்களாகவே களத்திற்கு இட்டுச்செல்லப்பட்டனர்.

இன்று படங்களுக்குப் பஞ்சமில்லை; அவற்றிற்குரிய உண்மைச் சொல்லுக்கே பஞ்சம். ஆகவே போர்ப்படம் ஒன்றைக் காணும்போது, கண்ணீரோடு நின்றுவிடுதல் போதாது. அதில் கிடப்பவரைப் 'பகைவர்' என்றும் 'இழப்பு' என்றும் பெயரிட்டவன் யார், அப்பெயரால் பயன்பெறுபவன் யார் என்று கேட்டல் வேண்டும். பிறர் கட்டிய சீட்டை அவிழ்த்துவிட்டு, மாந்தனை மாந்தன் என்று சொல்லும் துணிவே அவ்வொளிப்படக்காரர் விட்டுச்சென்ற செல்வம்.