ஓசி டூருக்கும் ஒரு சங்கம்

லாரி அதிபர்களுக்குச் சங்கம் இருக்கிறது. ஓட்டல்காரர்களுக்கு, மருந்துக்கடைக்காரர்களுக்கு, பந்தல் போடுபவர்களுக்கு எல்லாம் இருக்கிறது. கம்பெனி செலவில் அடுத்தவரை ஊர் சுற்றிக் காட்டுகிறவர்களுக்கு, அதுவும் உலக அளவில், ஒரு சங்கம் இருப்பது தெரியுமா உங்களுக்கு?

பெயர் 'ஸைட்'. தலைமையகம் சிகாகோ. 1973-ல் ஆரம்பித்தபோது 'ஸொஸைட்டி ஆஃப் இன்சென்டிவ் டிராவல் எக்ஸிக்யூட்டிவ்ஸ்'. பிற்பாடு எக்ஸிக்யூட்டிவ்ஸை எடுத்துவிட்டு 'எக்ஸலன்ஸ்' போட்டுக்கொண்டார்கள். இரண்டுக்கும் இங்கிலீஷில் முதலெழுத்து ஒன்றே என்பதால் சுருக்கப் பெயர் மாறவில்லை. பி.காம். படித்தவன் என்ற முறையில் இந்தச் சிக்கனத்தைப் பாராட்டுகிறேன்.

ஓட்டல்கள், கப்பல் கம்பெனிகள், வந்திறங்கும் கூட்டத்துக்கு பஸ்ஸும் பாட்டுக் கச்சேரியும் ஏற்பாடு செய்யும் உள்ளூர் ஏஜென்டுகள் எல்லாம் இதில் மெம்பர்கள். பரீட்சை உண்டு, பாஸ் செய்தால் பெயருக்குப் பின்னால் சில எழுத்துகள் சேர்த்துக்கொள்ளலாம். அருமையாக டூர் நடத்தினால் 'கிரிஸ்டல் அவார்டு' உண்டு. அதாவது, அடுத்தவருக்குப் பரிசு கொடுத்ததற்காக இவருக்கு ஒரு பரிசு.

சிரிக்காதீர்கள், சரித்திரம் பெரிது. இந்தத் தொழிலின் மூலபுருஷர் என்று சொல்லப்படுபவர் ஜான் பாட்டர்சன். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் 'நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர்' கம்பெனி நடத்தியவர். கடை கல்லாவில் 'டிங்' என்று மணியடித்துத் திறக்குமே, அந்த மெஷின். ஒவ்வொரு ஸேல்ஸ்மேனுக்கும் தனி ஏரியா, தனி கோட்டா என்று பிரித்துக் கொடுத்த மகானுபாவர். மாதக் கடைசியில் உங்கள் மானேஜர் 'டார்கெட் என்னாச்சு?' என்று கேட்கும்போது, மானசீகமாக டேட்டன் இருக்கும் திசையைப் பார்த்து நாலு வார்த்தை சொல்லலாம்.

1906-ல், கோட்டாவை முடித்த எழுபது பேருக்கு வைரம் பதித்த பின்னும் ஓர் இலவசப் பயணமும் கொடுத்தார். எங்கே? டேட்டனுக்கு. சொந்தக் கம்பெனியின் ஃபாக்டரியைப் பார்ப்பதற்கு! 1911-ல் புத்தி வந்து நியூயார்க் கூட்டிப் போனார்கள். அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த தாமஸ் வாட்சன் என்பவர் பிறகு ஐபிஎம்மை வளர்த்தபோது அங்கேயும் நூறு சதவீதம் முடித்தவர்களுக்கு ஒரு கிளப் வைத்தார். வியாதி அப்படித்தான் பரவியது.

சரி, ரொக்கமாகக் கொடுத்தால் என்ன? இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதற்கு மனப்பாடமாக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். ரொக்கம் மளிகைக் கடையிலும் ஸ்கூல் ஃபீஸிலும் கரைந்துபோகும், டூர் மறக்காது, ஃபோட்டோவை நாலு பேரிடம் காட்டலாம், காட்டும்போது பார்க்கிறவனுக்கு வயிறெரியும், அவனும் அடுத்த வருஷம் ஓடுவான். உண்மைதான். போனஸ் கவரை ஹாலில் ஃப்ரேம் போட்டு மாட்டியவரை நான் பார்த்ததில்லை. ஈஃபில் டவர் முன்னால் குளிரில் நடுங்கும் தம்பதியை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதை ப்ரோஷரில் போடமாட்டார்கள். நான் போட்டுக் காட்டுகிறேன். (நம்பர்கள் என் கற்பனை, கூட்டல் கழித்தல் நிஜம்.)

ஒரு டீலர் வருஷத்துக்கு ஐம்பது லட்சத்துக்குச் சரக்கு எடுக்கிறார். 'அறுபத்தஞ்சைத் தொடு, தம்பதியாக பாங்காக்' என்கிறது கம்பெனி. அவர் நாய் படாத பாடுபட்டுத் தொடுகிறார். கூடுதல் பதினைந்து லட்சத்தில் கம்பெனிக்கு இருபது சதவீதம் லாபம் என்றால் மூன்று லட்சம். பாங்காக் செலவு ஒன்றரை. மிச்சம் ஒன்றரை கம்பெனிக்கு. டூர் தன் செலவைத் தானே சம்பாதித்துக்கொண்டது. இதுவரை எல்லோருக்கும் சந்தோஷம்.

பக்கத்து ஊர் டீலரும் அதேபோல ஓடினார். அறுபத்து நாலு லட்சத்தில் நின்றுவிட்டார். வருஷக் கடைசியில் பெண் கல்யாணம், ரெண்டு வாரம் கடைக்கு வரவில்லை. அவர் கூடுதலாக எடுத்த பதினாலு லட்சத்தில் கம்பெனிக்கு ரெண்டு லட்சத்து எண்பதாயிரம் லாபம். அவருக்கு? 'பெட்டர் லக் நெக்ஸ்ட் இயர்.' ஆக, பாங்காக் போன ஜோடிக்கு உண்மையில் டிக்கெட் வாங்கிக் கொடுத்தது யார்? போகாத டீலர்! அவருக்கு இது தெரியாது. அந்த ஜோடிக்கும் தெரியாது. ஏர்போர்ட்டில் மாலை போட்டு வழியனுப்பும் ரீஜினல் மானேஜருக்கு நன்றாகவே தெரியும்.

அந்த அறுபத்தஞ்சு லட்சத்துக்கும் பில் போட்டு, லாரி பிடித்து, பாக்கி வசூலுக்கு ஃபோன் செய்த ஆபீஸ் ஸ்டாஃப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் பாதிப் பேர் அங்கேதான் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்கள்.

இத்தொழிலுக்குப் பெரிய அடி விழுந்தது 2008-ல். செப்டம்பரில் ஏஐஜி என்ற இன்ஷூரன்ஸ் பூதம் கவிழ இருந்தபோது அமெரிக்க அரசு 8,500 கோடி டாலர் கடன் கொடுத்துத் தூக்கி நிறுத்தியது. ஒரு வாரத்துக்குள் அதன் கிளைக் கம்பெனி ஒன்று, நிறைய பாலிஸி பிடித்த ஏஜென்டுகளை கலிஃபோர்னியா கடற்கரை ரிசார்ட்டுக்கு அழைத்துப் போனது. முன்பே முடிவான டூர். வந்தவர்களில் பெரும்பாலோர் கம்பெனி சம்பளக்காரர்கள்கூட இல்லை, வெளி ஏஜென்டுகள். செலவு சுமார் 4,40,000 டாலர். அக்டோபரில் பாராளுமன்றக் கமிட்டி பில்லைப் பிரித்துப் படித்தது: ரூமுக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, மசாஜ் வகையறாவுக்கு 23,000. நாடே கொதித்தது.

வகுத்துப் பாருங்கள். வாங்கிய கடனில் ஏறக்குறைய ரெண்டு லட்சத்தில் ஒரு பங்கு. 8,500 கோடி டாலர் யார் மனசிலும் ஏறவில்லை. மசாஜ் ஏறிவிட்டது. நமக்கும் அப்படித்தானே? அணைக்கட்டு பட்ஜெட்டை நாம் படிப்பதில்லை, எம்.எல்.ஏ.வின் டீ பில்லைப் படிப்போம்.

2009 பிப்ரவரியில் வெல்ஸ் ஃபார்கோ பாங்க் தன் ஊழியர்களின் லாஸ் வேகாஸ் டூரை ரத்து செய்தது. அதன் தலைவர் பேப்பரில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்துத் தன் தரப்பைச் சொன்னார். (விளம்பரத்துக்கு எவ்வளவு ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை.) வரிப் பணத்தில் லாஸ் வேகாஸ் போகக்கூடாது என்று ஜனாதிபதி ஒபாமா சொல்ல, அந்த ஊர் மேயர் ஆஸ்கர் குட்மேன் சண்டைக்கே வந்துவிட்டார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. டூர் ரத்தானால் வேலை போவது மசாஜ் செய்துகொண்டவருக்கு இல்லை. ரூமில் பெட்ஷீட் மாற்றும் அம்மாவுக்கு. இதற்கு 'ஏஐஜி எஃபெக்ட்' என்றே பெயர் வைத்து, ஓட்டல்காரர்களும் டூர்காரர்களும் வருஷக் கணக்கில் புலம்பினார்கள்.

நம்மூரில் அந்த மாதிரி கொந்தளிப்பெல்லாம் கிடையாது. சிமெண்ட், பெயின்ட், டயர் டீலர்கள் கூட்டம் கூட்டமாக பாங்காக் போய் வந்தார்கள். இன்கம்டாக்ஸ் இலாகா மட்டும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்து, 2022 ஜூலை 1 முதல் 194ஆர் என்று ஒரு பிரிவைக் கொண்டுவந்தது. வியாபாரத்தில் ஒருவருக்கு வருஷத்தில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் சலுகை கொடுத்தால், பத்து சதவீதம் வரிப் பிடித்தம். பொருளாகக் கொடுத்தாலும் சரி, பயணமாகக் கொடுத்தாலும் சரி. டார்கெட் முடித்ததற்குத் தரும் டூரை உதாரணமாகவே சர்க்குலரில் போட்டிருந்தார்கள்.

பாங்காக் டிக்கெட்டில் பத்து சதவீதத்தை எப்படிப் பிடிப்பது? திரும்பி வரும் ஃப்ளைட்டில் பாதி வழியில் இறக்கிவிடவா முடியும்? அதனால் வரி கட்டியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் டூரையே கொடுக்க வேண்டும் என்றது சட்டம். சில கம்பெனிகள் வரியையும் தாங்களே ஏற்கலாம். இல்லையென்றால் டீலர் கைக்காசைக் கட்டி, சலானைக் காட்டிவிட்டு, இலவசமாகப் போகவேண்டியதுதான்.

"ஏன் சார், நான் போகலை. வரியைக் கழிச்சுட்டு மீதியைக் கையில குடுத்துடுங்களேன்" என்று கேட்கும் டீலருக்கு கம்பெனிகள் சொல்லும் பதில்: "அதெல்லாம் ஸ்கீம்ல இல்லீங்க."