படகில் ஏறுமுன்



விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்தது. நம் கலவை சபையின் வாலிபர் ஐக்கியத்தார் ஏலகிரிக்குப் புறப்பட ஆயத்தமாகிறார்கள். புங்கனூர் ஏரியில் படகுச் சவாரியும் உண்டாம். சென்ற ஆண்டு வேறோர் ஊரில் நாம் படகேறியபோது, நம்மில் சிலர் லைஃப் ஜாக்கெட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள்; சிலர் புகைப்படத்துக்காகக் கழற்றினார்கள். கேட்டதற்கு ஒரு சகோதரர், "இயேசு நம் படகில் இருக்கிறாரே, ஐயா" என்றார். நானும் புன்னகைத்து விட்டுவிட்டேன். அது என் தவறு.

2011 டிசம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பின் நாளன்று பழவேற்காடு ஏரியில் உல்லாசமாகச் சென்ற ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு. அணிந்துகொள்ள மிதவை உடையும் இல்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2009 செப்டம்பர் 30 அன்று, தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். படகு புரளும் வேளையில் மடியில் இருப்பதை எடுத்து மாட்டிக்கொள்ள அவகாசம் கிடைப்பதில்லை. வார்களைப் பூட்டாமல் தோளில் தொங்கவிட்டாலும் பயனில்லை. நீரில் விழுந்தவுடன் அது தலைவழியே கழன்றுவிடும்.

நாமோ பாலாற்றில் தண்ணீரைவிட மணலையே அதிகம் கண்டு வளர்ந்தவர்கள். நம் சபையில் நீந்தத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசியுங்கள். பவுல் ஏறிய கப்பலில் 276 பேர் இருந்தார்கள். ஒருவரும் அழிவதில்லை என்று தேவதூதன் மூலம் வாக்கு வந்தாயிற்று. அதைவிட உறுதியான வாக்கு வேறென்ன வேண்டும்? ஆயினும் மாலுமிகள் இரகசியமாகத் தப்பியோட முயன்றபோது, அவர்கள் கப்பலைவிட்டுப் போனால் யாரும் பிழைக்க முடியாது என்று அதே பவுல் எச்சரித்தார். முடிவில் நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள். மற்றவர்கள் பலகைகளையும் கப்பலின் துண்டுகளையும் பற்றிக்கொண்டு மெலித்தா கரையை அடைந்தார்கள். பலகையைப் பற்றியவனை அவிசுவாசி என்று லூக்கா எழுதவில்லை. வாக்கு நிறைவேறிய வழியே அந்தப் பலகைதான்.

வீட்டு மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டாமல் ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்று உபாகமம் 22-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் மூப்பர்களுக்கும் எனக்கும் இது பொருந்தும் என்றே கருதுகிறேன். சிலருக்கு இது மிகையான பயமாகத் தோன்றலாம், தோன்றட்டும்.

ஆகவே இம்முறை, வார்களைப் பூட்டிய பின்பே படகில் கால்வைக்க வேண்டும். கரையேறும்வரை எதற்காகவும் கழற்றலாகாது. சிறுவர்களின் அளவுக்கேற்ற ஜாக்கெட் கிடைக்குமா என்று முன்னதாகவே விசாரிக்கும்படி ஐக்கியச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். கிடைக்காவிட்டால் சிறுவர்கள் என்னோடு கரையில் இருக்கட்டும். வேர்க்கடலை நான் வாங்கித் தருகிறேன்.