ஒவ்வொரு மூலைக்கும் ஓர் அளவுதிருத்தமா?

படமெடுக்கும் பொருள் வானில் எங்கே இருக்கிறதோ அங்கேயேதான், விண்மீனைக் கவனித்துத் தொலைநோக்கியின் நகர்வைத் திருத்தும் ஆட்டோகைடருக்கு அளவுதிருத்தம் செய்ய வேண்டும், இடம் மாறினால் மறுபடியும் செய்ய வேண்டும் என்கிறார் நண்பர். மதுரையில் இந்த யோசனை நேரத்தைத் தின்னும், படத்தையும் கெடுக்கும்.

அகத்திய நட்சத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். வான நடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 53 டிகிரியில் இருக்கிறது. காளவாசல் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் உச்சத்திலும் 27 டிகிரி உயரம்தான். நடுக்கோட்டில் ஒரு விண்மீனை 25 பிக்சல் கிழக்கு மேற்காக நகர்த்தும் அதே உந்துதல், இதை 15 பிக்சல்தான் நகர்த்தும். போதாக்குறைக்குப் புழுதி, பைபாஸ் ரோட்டு வெளிச்சம், காற்றின் நடுக்கம். துள்ளுகிற புள்ளியின் குறுகிய நகர்விலிருந்து கிடைக்கும் கோணத்தை நம்பி ராத்திரி முழுக்க ஓட்டுவதா?

தை மாத இரவில் ஓரியனின் இடுப்புப் பட்டை நமக்கு 80 டிகிரி உயரத்தில் கடக்கிறது, ஏறக்குறைய நடுக்கோட்டின் மேலேயே. உச்சிக்கோட்டிலிருந்து சற்று ஒதுங்கி, அங்கே ஒருமுறை கவனமாகச் செய்தால் போதும். தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்ட் கணினியோடு இணைந்திருந்தால், பிஎச்டி2 என்ற கைடிங் மென்பொருள் மற்ற இடங்களுக்குக் கொசைன் கணக்கில் தானே மாற்றிக்கொள்ளும்.

மவுண்டைக் கணினியோடு இணைக்காமல் எஸ்டி4 கைடிங் கேபிள் மட்டும் வைத்திருப்பவருக்கு நண்பர் சொல்வது பொருந்தும். தொலைநோக்கி எங்கே பார்க்கிறது என்பது அந்த மென்பொருளுக்குத் தெரியாது. கைடு கேமராவைத் திருகினாலும் புதிதாகச் செய்ய வேண்டியதுதான். ஆனால் தன் வாதத்துக்குச் சான்றாக நண்பர் காட்டிய படத்தின் ஓரங்களில் விண்மீன்கள் வட்டமாகச் சுழன்றிருப்பது துருவச் சீரமைப்பின் பிழை. துருவ நட்சத்திரம் இங்கே 10 டிகிரி உயரத்தில் கட்டடங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. விண்மீன் விலகும் திசையைப் பார்த்துத் திருத்தும் டிரிஃப்ட் முறையில் அச்சைச் சரிசெய்யாமல், எத்தனை முறை அளவுதிருத்தம் செய்தாலும் அந்தச் சுழற்சி போகாது.