வேப்பெண்ணெய்க்கு மூக்கு மட்டும் போதுமா?

ஆனி மாசம் பிறந்துட்டா பீர்க்கன்கரணையில் எங்க தெரு மஞ்சளாகிவிடும். காலையில் கதவைத் திறந்தால் வாசல் முழுக்க வேப்பம்பழம். பைக் ஏறி நசுங்கினது பாதி, காக்கை கொத்திப் போட்டது மீதி. தெரு கூட்ட வருகிற அம்மா, "இந்த ரெண்டு மாசமும் இந்த மரத்தோடதான் மல்லுக்கட்டு அண்ணே" என்று சொல்லிக்கொண்டே அத்தனையையும் அள்ளி வண்டியில் கொட்டுவார். பிளாஸ்டிக் பையோடும் பழைய செருப்போடும் சேர்ந்து அது குப்பைக்கிடங்குக்குப் போகும்.

அதே வாரம் மதுராந்தகம் பக்கத்திலிருந்து நம்ம குழுவின் உழவர் ஒருவர் போன் செய்வார். "அண்ணே, நல்ல வேப்பெண்ணெய் எங்க கிடைக்கும்? கடையில வாங்குறதை நம்ப முடியல."

இங்கே கொட்டுது, அங்கே கிடைக்கல. இதைச் சொல்லி ஆதங்கப்பட்டு, "மரத்தைக் காப்போம்" என்று முடித்துவிடலாம். அப்படி எழுதிய கட்டுரைகள் ஏற்கெனவே நிறைய இருக்கு. நான் எழுத வந்தது அதுக்காக இல்லை. நம்ம பக்கம் இருக்கிற ஒரு குறையைப் பேசணும். அந்தக் குறையில் முதல் பங்கு என்னுடையது.

நான் செய்த தப்பு

ரெண்டு வருஷம் முன்னாடி, தெருவிலும் ஏரிக்கரையிலும் விழுந்த பழத்தை நாங்க நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து பொறுக்கினோம். சதையைக் கழுவி மொட்டை மாடியில் காயப்போட்டோம். ஆடி மாசத்து மழை திடீர் திடீர்னு வந்ததால், முக்கால் காய்ச்சலிலேயே யூரியா சாக்கில் கட்டி மாடிப்படிக்குக் கீழே அடுக்கிட்டோம். மூணு மாசம் கழிச்சு செக்கில் கொடுத்து ஆட்டினோம். எண்ணெய் நல்ல கருப்பு. மூடியைத் திறந்தாலே வீடு முழுக்க நாறும். நாக்கில் வைத்தால் அரை நாள் கசப்பு. "இதுதான்டா அசல்" என்று எல்லோரும் சொன்னோம். செலவுக் காசை மட்டும் வாங்கிக்கொண்டு குழுவில் இருந்த உழவர்களுக்குக் கொடுத்தோம்.

அதில் வெண்டை போட்டிருந்த தம்பி ஒருத்தர் மூணு வாரம் கழித்துக் கூப்பிட்டார். காய்த்துளைப்பான் அடங்கவே இல்லையாம். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "வெயில்ல அடிச்சியா? சோப்பு சேர்த்தியா? ஒரு தடவை அடிச்சிட்டு விட்டுட்டியா?" எண்ணெயைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் எல்லாத்தையும் சரியாத்தான் செய்திருந்தார். பறிக்கிற காயில் பாதி சொத்தை. கடைசியில் உரக்கடைக்குப் போய் ரசாயன மருந்தை வாங்கி அடித்துவிட்டார்.

மனசு கேட்காமல் அந்த எண்ணெயில் ஒரு புட்டியைத் தனியார் ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினேன். அறிக்கை வந்தது. அசாடிராக்டின் பேருக்குத்தான் இருந்தது. அமில எண் எக்கச்சக்கம். அதாவது கொட்டை சாக்குக்குள்ளேயே கெட்டுப்போயிருக்கு. நாறுச்சு, கசந்துச்சு, ஆனா வேலை செய்யல.

தம்பிக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். "இயற்கை மருந்தெல்லாம் நம்புறதுக்கில்ல அண்ணே" என்று அவர் சொன்னதை மட்டும் என்னால் திருப்ப முடியவில்லை.

எண்ணெய்க்குள் என்ன இருக்கு?

வேப்பெண்ணெயில் பெரும்பகுதி சாதாரணக் கொழுப்புதான். ஒலியிக், பால்மிட்டிக், ஸ்டியரிக், லினோலியிக் என்ற கொழுப்பு அமிலங்கள் நாம சமைக்கிற எண்ணெய்களிலும் இருப்பவைதான். நாற்றம் கந்தகக் கூட்டுப்பொருள்களால் வருவது. கசப்புக்கு நிம்பின் போன்றவை காரணம். 1942-லேயே சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்ற வேதியியலாளர் நிம்பினை வேப்பெண்ணெயிலிருந்து பிரித்துக் காட்டிவிட்டார்.

புழுவைத் தின்னவிடாமல் தடுப்பதும், தோலுரித்து வளரவிடாமல் குலைப்பதும் பெரும்பாலும் அசாடிராக்டின் வேலை. 1968-ல் இங்கிலாந்தில் அதைப் பிரித்தெடுத்தார்கள். கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழுவினர் அதை ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்து முடித்தது 2007-ல். அதுக்கு அவர்களுக்கு 22 வருஷம் ஆச்சு. அத்தனை சிக்கலான பொருளை நம்ம தெருமரம் வருஷா வருஷம் சும்மா கொட்டுது.

ஆனால் அது பூஞ்சையான பொருள். வெயில் பட்டால் சிதையும், சூடு பட்டால் சிதையும், ஈரத்தில் புழுங்கினால் போயே போகும். நாற்றமும் கசப்பும் அவ்வளவு சீக்கிரம் போகாது. இங்கதான் நாம ஏமாறுகிறோம். மூக்குக்கும் நாக்குக்கும் தெரிவது ஒன்று, புழுவைத் தடுப்பது வேறொன்று. எண்ணெய்ப்பசை மேலே படிவதால் அசுவினி மாதிரி மெல்லுடல் பூச்சிக்கு வெறும் எண்ணெய்கூட ஓரளவு கேட்கும். அதைப் பார்த்துட்டு "எண்ணெய் நல்லாத்தான் இருக்கு" என்று நினைத்துவிடுகிறோம். காய்ப்புழு வந்தால்தான் சாயம் வெளுக்கும்.

நாமளே ஆட்டின எண்ணெய்க்கே இந்தக் கதி. அப்படியானால் கடையில் "விளக்கு எண்ணெய்" என்று சீட்டு ஒட்டி வருகிற புட்டியை என்ன சொல்ல? விளக்குக்கு விற்றதாகச் சொல்லிவிட்டால் பயிருக்கு அடித்துப் பலிக்கவில்லை என்று யாரையும் கேட்க முடியாது. 2015-லிருந்து உள்நாட்டு யூரியா முழுவதுக்கும் வேப்பெண்ணெய் பூசவேண்டும் என்றாகிவிட்டது. அதுக்கு டன் கணக்கில் எண்ணெய் போகுது. தேவை ஏறும்போது கலப்படமும் கூடவே ஏறும் என்பது எந்தச் சந்தைக்கும் பொது.

"ஆய்வகம் கம்பெனிக்காரன் ஆயுதம்"

இதைக் கூட்டத்தில் பேசினால் ஒரு பதில் எப்பவும் வரும். "பாட்டி காலத்துல ஆய்வகமா இருந்துச்சு? அளவு, அறிக்கை, சான்றிதழ் எல்லாம் கம்பெனிக்காரன் நம்மள அடக்கக் கொண்டுவந்தது." இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கு. சின்ன உழவர் தாங்கமுடியாத செலவில் சான்றிதழ் முறைகளை வைத்திருப்பதை நானும் எதிர்க்கிறேன்.

ஆனால் பாட்டி எப்படிச் செய்தாள் என்றும் பார்க்கணும். விழுந்த பழத்தை அன்றைக்கே பொறுக்கினாள், நிழலில் உலர்த்தினாள், காற்றாடும் கூடையில் வைத்தாள், பக்கத்துச் செக்கில் ஆட்டி அந்த வருஷமே தீர்த்தாள். ஒவ்வொரு படியிலும் அவள் கண் இருந்தது. இன்றைக்குக் கொட்டை ஒரு ஊரில், ஆலை ஒரு ஊரில், கடை ஒரு ஊரில், வயல் ஒரு ஊரில். நடுவில் நம்ம கண் எங்கேயும் இல்லை. இழந்த அந்தக் கண்ணுக்குப் பதிலாகத்தான் சோதனையைக் கேட்கிறேன்.

வேம்பு காப்புரிமை வழக்கையும் மறக்க வேண்டாம். டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் அமெரிக்க வேளாண்துறையும் சேர்ந்து, வேப்பெண்ணெயால் பயிரின் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கின. 1994-ல் அது வழங்கப்பட்டது. வந்தனா சிவாவும், ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் பசுமைக் கட்சியைச் சேர்ந்த மக்தா ஆல்வூட்டும், உலக இயற்கை வேளாண் இயக்கங்களின் கூட்டமைப்பான ஐஃபோமும் 1995-ல் எதிர்த்து மனுப்போட்டார்கள். 2000 மே மாதம் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடி ஆனது.

அந்த வெற்றியை நாம மேடைதோறும் சொல்கிறோம். எதை வைத்து ஜெயித்தோம் என்பதை மட்டும் சொல்வதில்லை. "எங்க முன்னோர் அறிவு" என்ற முழக்கத்தோடு அங்கே யாரும் நிற்கவில்லை. காப்புரிமை கேட்பதற்கு முன்பே வேப்பங்கொட்டையிலிருந்து அதே மாதிரி சாறு எடுத்துச் சோதித்துப் பார்த்த இந்திய ஆலைக்காரர் ஒருவர் நேரில் போய்ச் சாட்சி சொன்னார். எப்படி எடுத்தோம், எப்போ எடுத்தோம் என்று அவரால் சொல்ல முடிந்தது. எழுதி வைத்த, அளந்து வைத்த அறிவுதான் அங்கே நமக்குக் கைகொடுத்தது.

நம்ம கையில் உள்ளது

முதலில் கொட்டை. பழத்தை ரெண்டு நாளுக்கு ஒருமுறையாவது பொறுக்கணும். சாக்கடை ஓரத்தில் கிடப்பதைத் தொடவேண்டாம். அன்றைக்கே தண்ணீரில் பிசைந்து சதையை நீக்கி, ஒரு நாள் இளவெயில் காட்டி, பிறகு நிழலில் கலகலவென்று சத்தம் கேட்கும்வரை உலர்த்தணும். சணல் சாக்கிலோ கூடையிலோ வைக்கலாம், பிளாஸ்டிக் சாக்கு வேண்டவே வேண்டாம். ஈரத்தில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சும் சேரும். மூணு மாசத்துக்கு மேல், எட்டு மாசத்துக்குள் இருக்கிற கொட்டைதான் சாறு எடுக்கத் தோது.

அடுத்து ஆட்டுவது. மரச்செக்கோ எந்திரமோ, எண்ணெய் கை பொறுக்காத சூட்டில் இறங்கினால் நிறுத்தி ஆறவிடணும். 30 கிலோ கொட்டையில் சுமார் 6 கிலோ எண்ணெயும் 24 கிலோ பிண்ணாக்கும் வரும். கூடுதல் எண்ணெய்க்கு ஆசைப்பட்டுச் சூடேற்றினால் நமக்கு வேண்டியதுதான் முதலில் போகும். எண்ணெய்க்கு வழியில்லாதவர்கள் வேப்பங்கொட்டைச் சாறே போட்டுக்கொள்ளலாம். 5 கிலோ பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, சோப்புக் கரைசல் சேர்த்து சாயங்காலம் அடித்தால் போதும்.

மூணாவது சோதனை. அமில எண் பார்க்க பெரிய ஆய்வகம் தேவையில்லை. அளந்த எண்ணெயை ஆல்கஹாலில் கரைத்து, பினாப்தலீன் ரெண்டு சொட்டு விட்டு, இளஞ்சிவப்பு வரும்வரை பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை விடுவதுதான் அது. பிளஸ் டூ பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் செய்கிற தரம்பார்த்தல்தான். எண்ணெய் கருத்திருந்தால் நிறம் தெரியாது, ஆல்கஹாலைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளணும். கொட்டை கெட்டதா நல்லதா என்று இதிலேயே தெரிந்துவிடும். நான் இதை முதலிலேயே செய்திருந்தால் அந்தத் தம்பிக்கு அந்த எண்ணெய் போயிருக்காது.

அசாடிராக்டின் அளவுக்கு மட்டும் ஹெச்.பி.எல்.சி. கருவி வேணும். அது நம்ம கையில் இல்லை, அரசாங்கத்திடம் இருக்கு. வேளாண்மைத் துறைக்குப் பூச்சிக்கொல்லிப் பரிசோதனை நிலையங்கள் உண்டு. ஆய்வாளர்கள் கடையில் எடுக்கிற மாதிரிகள் அங்கேதான் போகின்றன. மண்ணைக் கொடுத்தால் சின்னக் கட்டணத்தில் பார்த்துத் தருகிற மாதிரி, உழவர் கொண்டுவரும் வேப்பெண்ணெயையும் பார்த்துத் தரணும். இதை நம்ம இயக்கம் கோரிக்கையாக வைக்கணும்.

தாம்பரம் மாநகராட்சியிடமும் ஒன்று கேட்கலாம். பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர், இரும்புலியூர் எல்லாம் இப்போ அதுக்குள்தான் இருக்கு. ஆனி, ஆடி ரெண்டு மாசம் மட்டும் வேப்பம்பழத்தைக் குப்பையோடு சேர்க்காமல் தனியாக அள்ளி, மகளிர் குழுக்களுக்குக் கொடுக்கட்டும். வளர்ந்த மரம் ஒன்று வருஷத்துக்கு 30 முதல் 50 கிலோ பழம் கொடுக்கும். "கூலிக்குக் கட்டுமா?" என்று கேட்பீர்கள். எண்ணெயை மட்டும் கணக்கிட்டால் கட்டாமல் போகலாம். பிண்ணாக்கையும் சேர்த்து, சோதித்த எண்ணெய்க்கு நல்ல விலையும் வைத்தால் கட்டும். சோதிக்காத எண்ணெய்க்கு அந்த விலையைக் கேட்க நமக்கு உரிமை இல்லை.

நமக்குள்ளேயும் ஒரு கட்டுப்பாடு வேணும். நம்ம சந்தையில் விற்கிற ஒவ்வொரு வேப்பெண்ணெய்ப் புட்டியிலும் கொட்டை பொறுக்கின மாசம், ஆட்டின தேதி, அமில எண் மூணும் எழுதியிருக்கணும். எழுத முடியாதவர் "விளக்குக்கு மட்டும்" என்று எழுதட்டும். இயற்கையானது என்பதாலேயே எதையும் நல்லது என்று விற்கக்கூடாது. வேப்பெண்ணெய் உள்ளே கொடுத்துக் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து வந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

இந்த ஆனியிலும் தெரு மஞ்சளாகும். தெரு கூட்டுகிற அம்மாவிடம் முன்கூட்டியே பேசிட்டேன். பழத்துக்குத் தனிக் கூடை, கிலோவுக்கு இவ்வளவு என்று. பக்கத்துப் பள்ளிக்கூடத்து வேதியியல் ஆசிரியரிடமும் கேட்டிருக்கேன். எண்ணெய் வந்ததும் சோதித்து, அறிக்கையோடு முதல் புட்டியை அந்த வெண்டைத் தம்பிக்குத்தான் எடுத்துப்போகணும். வாங்கிக்கொள்வாரா என்று தெரியவில்லை. இந்தத் தடவை அவர் ஏதாவது கேட்டால், பதில் சொல்ல என்கிட்ட காகிதம் இருக்கும்.